ரிம்வேர்ல்ட்: குளிர்காலம் முழுவதும் மந்தையைக் காக்கப் பட்டியையும் நடமாட்ட எல்லைகளையும் எப்படி அமைப்பது?

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரிம்வேர்ல்ட் என்னும் கணினி விளையாட்டில், ஊசியிலைக் காட்டு நிலத்தில் ஒரு குடியிருப்பை நடத்தி வருகிறேன். நிலத் தகவலில் வளர்பருவம் ஆண்டின் 60 நாட்களில் 30 நாட்கள் என்று காட்டுகிறது. அதாவது ஆண்டில் பாதி நாட்களுக்குப் புல் முளைக்காது. குடியேறிகள் ஆறு பேர். அவர்களுள் விலங்குத் திறன் சொல்லும்படி உள்ளவர் ஒருவர் மட்டுமே. சில பசுக்கள், அவற்றைவிடப் பெரிய மஃபலோ (கம்பளி தரும், சுமை சுமக்கும் விலங்கு) மந்தை, எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் கோழிகள், மூன்று லாப்ரடார் நாய்கள், காட்டிலிருந்து பழக்கிக் கொண்டுவந்த ஒரு வார்க் (ஓநாய் போன்ற வேட்டை விலங்கு) ஆகியவை இப்போது இருக்கின்றன.

கோடையில் எந்தக் குறையும் இல்லை. பட்டி பெரியது, புல் செழித்து வளர்கிறது, பாலும் கம்பளியும் தவறாமல் கிடைக்கின்றன. செப்டோபர் (விளையாட்டு ஆண்டின் மூன்றாம் காலாண்டு) பாதியைக் கடந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. புல் தீர்ந்தபின் மந்தை முழுவதும் சேமித்த உலர்புல்லை நம்பியிருக்கிறது. அது கடைசிக் காலாண்டான டிசெம்பரி முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு குடியேறிகளுக்கென வைத்திருக்கும் அரிசியையும் சோளத்தையும் பட்டிக்குள் கொண்டுபோய்ப் போடுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. பட்டியை இன்னும் பெரிதாக்கினால் இது தீருமா, அல்லது ஒரே பெரிய பட்டிக்குப் பதிலாகப் பல சிறிய பட்டிகளை அமைக்க வேண்டுமா என்பதுதான் என் முதன்மையான கேள்வி.

பட்டி குடியிருப்பிலிருந்து தள்ளி, ஆற்றோரத்தில் இருக்கிறது. மேய்ப்பரின் பகற்பொழுதில் பெரும்பகுதி நடப்பதிலேயே கழிகிறது. தொழுவத்தைப் பட்டிக்குள் கட்டுவது நல்லதா, குடியிருப்பை ஒட்டிக் கட்டுவது நல்லதா என்பதையும் சொல்லுங்கள். நாய்கள் குளிர்பதன அறைக்குள் நுழைந்து சமைத்த உணவை உண்பதைத் தடுக்க, நடமாட்ட எல்லையை (அவை போகலாம் என்று நாம் குறிக்கும் பகுதியை) எப்படி வரைய வேண்டும் என்றும் அறிய விரும்புகிறேன். மாட் (பிறர் உருவாக்கிய கூடுதல் நிரல்) எதையும் சேர்க்காமல், விளையாட்டில் இயல்பாக உள்ள வசதிகளைக் கொண்டே செய்ய விரும்புகிறேன்.


உலர்புல்_கணக்கர் எழுதியது:

வணக்கம் நண்பரே. பட்டியைப் பெரிதாக்குவது உங்கள் சிக்கலைத் தீர்க்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் நிலத்தின் பரப்பு வளர்பருவத்தில் மந்தை எவ்வளவு உண்ணலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனதும் பட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் புதிதாக ஒரு புல்லும் வளராது. நின்றிருக்கும் புல்லைச் சில நாட்கள் கூடுதலாக மேயலாம், அவ்வளவுதான். பெரிய பட்டி கோடையில் நிறைய உணவு தருவதால் மந்தை பெருகுகிறது. பெருகிய மந்தை அப்படியே குளிர்காலத்துக்குள் நுழைகிறது. ஆகவே மந்தையின் அளவைக் கோடைப் புல்லை வைத்து முடிவு செய்யாமல், குளிர்காலத்துக்கு எவ்வளவு உலர்புல்லைச் சேர்த்து வைக்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பட்டியின் பரப்பு, தொழுவத்தின் அளவு, மேய்ப்பருக்கு ஆகும் நேரம் எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து வரட்டும்.

கணக்கு எளியது. ஒரு உலர்புல்லின் ஊட்ட அளவு 0.05. ஒரு விலங்கு நாளொன்றுக்கு 1 அலகு ஊட்டம் உண்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஒரு நாளைக்கு 20 உலர்புல் வேண்டும். உங்கள் நிலத்தில் வளர்ச்சியில்லாத 30 நாட்களுக்கு 600 வேண்டும். தீவனப்புல் பயிரின் ஒரு செடி முழுதாக விளைந்தால் 18 உலர்புல் தரும். எனவே அந்த ஒரு விலங்கின் குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 34 செடிகளின் அறுவடை தேவை. ஒவ்வொரு இனமும் நாளொன்றுக்கு எவ்வளவு உண்ணும் என்பதை அதன் தகவல் அட்டையில் பார்க்கலாம். மந்தை முழுவதற்குமான கூட்டுத்தொகையைப் பட்டிக்குறியின் (பட்டிக்குள் வைக்கும் அடையாளக் கம்பத்தின்) உணவுப் பக்கமே கணக்கிட்டுக் காட்டுகிறது. அதே பக்கத்தில் அந்தப் பட்டியில் நாளொன்றுக்கு எவ்வளவு ஊட்டம் வளர்கிறது என்பதும் காலாண்டு வாரியாக இருக்கும். பலர் கோடைக்கான எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். டிசெம்பரிக்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மந்தை நாளொன்றுக்கு 8 அலகு உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாட்களுக்கு 240 அலகு, அதாவது 4800 உலர்புல். திடீர்க் குளிர் அலை வந்து வசந்தம் தள்ளிப்போகலாம், கருகல் நோய் வந்து பயிரில் ஒரு பகுதி அழியலாம் என்பதால் கால் பங்கைக் கூட்டி 6000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனப்புல் விளைய 7 நாட்கள் என்று குறிப்பில் இருந்தாலும், செடிகள் இரவில் வளர்வதில்லை என்பதால் சாதாரண மண்ணில் உண்மையில் 13 நாட்கள் ஆகும். உங்கள் 30 நாள் வளர்பருவத்தில் இரண்டு அறுவடைகள் எடுக்கலாம். மூன்றாவதை எதிர்பார்க்க வேண்டாம். அப்படியானால் ஒரு கட்டத்துக்கு (ஒரு செடிக்கான இடத்துக்கு) ஆண்டுக்கு 36 உலர்புல். 6000 சேர 167 கட்டங்கள் தேவை. முதல் விதைப்பைத் தள்ளிப்போட்டால் இரண்டாவது அறுவடை உறைபனியில் சிக்கிக்கொள்ளும் என்பதால், வளர்பருவம் தொடங்கிய அன்றே பயிரிடுபவரின் முன்னுரிமையை உயர்த்திவிடுங்கள். மண் வளமாக இருக்கும் இடத்தைத் தீவனப்புல்லுக்குக் கொடுத்துவிட்டு, 70 சதவீத வளமுள்ள கல் மண்ணைப் பட்டிக்கு ஒதுக்குவது என் வழக்கம்.

இவ்வளவு பயிரிட ஆளில்லை என்றால், மந்தையைக் குறைப்பதே நேர்மையான தீர்வு. 2021 ஜூலையில் வந்த 1.3 பதிப்பிலிருந்து தானியங்கி அறுப்பு என்ற வசதி இருக்கிறது. விலங்குப் பட்டியலிலிருந்து அதைத் திறந்து, இனம் வாரியாக மொத்த எண்ணிக்கை, வளர்ந்த ஆண், வளர்ந்த பெண், ஆண் குட்டி, பெண் குட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைக்கலாம். சினையானவற்றையும், குடியேறி ஒருவரோடு பிணைப்பு ஏற்பட்டவற்றையும் விட்டுவைக்கலாமா என்று கேட்கும் குறிகள் உண்டு. பிணைப்புள்ள விலங்கை அறுத்தால் அந்தக் குடியேறியின் மனநிலை பலநாள் பாதிக்கப்படும் என்பதால், அந்தக் குறியை மாற்றும்முன் யாரோடு எது பிணைந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பாலுக்காக வளர்க்கும் பசுக்களுக்கு ஒரு காளை போதும். மஃபலோக்களுக்கும் அப்படியே.

எப்போது அறுக்கிறோம் என்பதும் முக்கியம். புல் தீர்ந்து மந்தை மெலிந்தபிறகு அறுப்பதில் பயனில்லை, அதற்குள் அவை உண்ட உலர்புல் போய்விட்டிருக்கும். செப்டோபர் தொடக்கத்தில், புல் இன்னும் இருக்கும்போதே, உச்சவரம்பைக் குளிர்கால எண்ணுக்கு இறக்குங்கள். வசந்தத்தில் மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம். அறுக்கும் வேலை மேய்ப்பருடையது, இறைச்சியை வெட்டும் வேலை சமையற்காரருடையது என்பதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்துக் குவித்தால் வெட்டி முடிவதற்குள் உடல்கள் அழுகத் தொடங்கும். வரம்பைச் சில நாட்களில் படிப்படியாக இறக்குவது நல்லது.


கருங்கல்_மதில் எழுதியது:

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மேய்ச்சலை அவர் சற்றுக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். வளர்பருவத்தின் 30 நாட்களும் மந்தை உலர்புல்லைத் தொடாமல் இருந்தால்தான் அவர் சொன்ன 6000 குளிர்காலத்துக்கு முழுதாக மிஞ்சும். புல் இருக்கும்போதே அருகில் உலர்புல் கிடந்தால் அவை அதையும் உண்டு தீர்க்கும். ஆகவே உலர்புல்லின் பெருஞ்சேமிப்பைப் பட்டிக்கு வெளியே, கூரையுள்ள ஒரு கொட்டகையில் வையுங்கள். திறந்தவெளியில் கிடந்தால் அது நாளுக்கு நாள் சிதையும் என்பதால் கூரை கட்டாயம். பட்டிக்குள், தொழுவத்தின் கூரைக்கடியில், உலர்புல்லை மட்டும் ஏற்கும் ஒரு சிறிய அடுக்கோ சேமிப்புப் பகுதியோ இருக்கட்டும். கோடையில் அதில் உலர்புல்லுக்கான அனுமதியை நீக்கிவிடுங்கள். புல் வளர்வது நின்றதும் அனுமதியைக் கொடுத்து முன்னுரிமையை உச்சத்துக்கு உயர்த்துங்கள். ஒரு சிறு மாற்றம்தான், ஆனால் சேமிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் அது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஒரே பட்டியா, பல பட்டிகளா என்ற கேள்விக்கு வருகிறேன். இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் இரண்டு பட்டிகள் போதும். ஒவ்வொரு பட்டிக்குறியிலும் எந்தெந்த விலங்குகள் அங்கே இருக்கலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். தேர்வை மாற்றினால் மேய்ப்பரே கயிறு கட்டி உரிய பட்டிக்கு அழைத்துச் சென்றுவிடுவார். அதற்கு மேல் பட்டிகளைப் பெருக்கினால், ஒரே ஒரு மேய்ப்பரை வைத்திருக்கும் உங்களுக்கு நடை இன்னும் கூடும். நோய் பரவும் என்று அஞ்சி மந்தையைப் பிரிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த விளையாட்டில் நோய் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. அது நிகழ்வாக வந்து சிலவற்றை ஒருசேரப் பிடிக்கிறது. எனவே அந்தக் காரணத்துக்காகப் பிரிக்க வேண்டியதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பட்டியை ஆற்றோரத்திலிருந்து குடியிருப்பின் வெளிச்சுவரை ஒட்டிக் கொண்டுவந்துவிடுவேன். பட்டியின் எல்லை முழுவதும் வேலியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டிடச் சுவரும் பாறையும் எல்லையாகக் கணக்கில் சேரும். குடியிருப்பின் ஒரு நீண்ட சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால் வேலிக்கான பொருளும் மிச்சம், பால் கறப்பதற்கும் கம்பளி வெட்டுவதற்கும் மேய்ப்பர் ஒரு கதவைத் தாண்டினால் போதும். தாக்குதல் வரும்போதும் இது உதவும். பட்டி விலங்குகளுக்கு நடமாட்ட எல்லையை ஒதுக்க முடியாது என்பதால், ஆபத்து வந்ததும் ஒரே சொடுக்கில் அவற்றை உள்ளே அழைத்துக்கொள்ள வழியில்லை. தள்ளியிருக்கும் பட்டியில் அவை எதிரிகளின் பாதையில் தனியாக நிற்கும். வேலி பட்டி விலங்குகளை மட்டுமே தடுக்கும், மனிதர்கள் அதன்மேல் ஏறிக் கடந்துவிடுவார்கள்.

தொழுவம் பட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சாதாரணக் கதவைப் பட்டி விலங்குகள் திறக்க மாட்டா. அதனால் தொழுவத்துக்கு விலங்குகளுக்கான திரைக்கதவை வையுங்கள். அதன் வழியாக அவை தாமாகவே உள்ளே போய் வெளியே வரும், பட்டியும் மூடப்பட்டதாகவே கணக்கில் இருக்கும். உள்ளே ஒரு வெப்பமூட்டி இருந்தால் போதும். மின்சாரம் தட்டுப்பாடாக இருந்தால் கணப்பைக்கூட வைக்கலாம். மஃபலோ கடுங்குளிரைத் தாங்கும் விலங்கு. பசுவும் கோழியும் அப்படியல்ல. அவற்றின் தகவல் அட்டையில் உள்ள தாழ்ந்த வெப்ப அளவைப் பார்த்து அதற்கு மேலே அறையின் வெப்பத்தை வைத்திருங்கள். தரைக்கு உலர்புல்லால் செய்யும் வைக்கோல் விரிப்பு ஏற்றது. விலங்குகளின் அழுக்கு அதில் சேர்ந்து தெரியாது என்பதால், துப்புரவு செய்பவருக்கு அந்த அறையில் வேலையே இருக்காது. அது எளிதில் தீப்பற்றும். ஆகவே சுவரைக் கல்லால் கட்டுங்கள். கணப்பு வைப்பதானால் அதைச் சுற்றி விரிப்பை இடாதீர்கள். மலைக்குள் குடைந்த அறையைத் தொழுவமாக்கும் எண்ணம் வந்தால் அதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். தடித்த பாறைக் கூரைக்குக் கீழேதான் பூச்சிக் கூட்டம் வெளிப்படும், கயிறு கட்டி ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவர அப்போது நேரம் இருக்காது.

புல்லைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். பட்டிக்குறியில் தேவையற்ற செடிகளைத் தானாக வெட்டும் வசதி உண்டு. மரங்களை வெட்டச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் புல் முளைக்கும். ஊசியிலைக் காட்டில் இது மிகவும் பயன்படும். மற்றொன்று, பட்டிக்குள்ளேயே ஒரு பயிர்ப் பகுதி வரைந்து டான்டலியன் என்னும் பூச்செடியை மேய்ச்சலுக்காக விதைக்கலாம். காட்டுப்புல் எங்கே, எப்போது முளைக்கும் என்பது நம் கையில் இல்லை. டான்டலியனை நாமே வெற்றிடங்களில் விதைத்துக்கொள்ளலாம். பட்டிக்குள் தீவனப்புல்லை விதைக்க வேண்டாம், விளையும்முன்பே மேய்ந்துவிடும்.


காவல்நாய் எழுதியது:

நாய்களையும் வார்க்கையும் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

1.3-க்கு முந்தைய வழிகாட்டிகளில் எல்லா விலங்குகளுக்கும் நடமாட்ட எல்லை ஒதுக்கலாம் என்று இருக்கும். இப்போது பசு, மஃபலோ, கோழி போன்றவை பட்டி விலங்குகள். நாய், பூனை, வார்க், கரடி போன்றவற்றுக்கு மட்டுமே எல்லை பொருந்தும். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு மஃபலோவுக்கு எல்லைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும் புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எல்லையை வரையும்போது, நாய்கள் போகக்கூடிய இடங்களைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதைவிட, போகக்கூடாத அறைகளை வரைந்து எல்லையைத் தலைகீழாக்குவது எளிது. புதிய எல்லை ஒன்றை உருவாக்கி, குளிர்பதன அறை, சமையலறை, உணவுக்கூடம், மருத்துவ அறை, மது வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் அதில் வரையுங்கள். பிறகு எல்லை மேலாண்மைப் பக்கத்தில் உள்ள தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினால், அவை நீங்கலாக நிலம் முழுவதும் எல்லைக்குள் வந்துவிடும். எல்லைக்கு வெளியே உள்ள உணவை நாய் உண்ணாது. சமையலறையை விலக்குவது உணவைக் காப்பதற்காக மட்டும் அல்ல. அங்கே அழுக்கு சேர்ந்தால் சமைத்த உணவு நஞ்சாகும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவ அறையில் அழுக்கு சேர்ந்தால் காயம் சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மதுவைச் சொன்னதற்குக் காரணம், விலங்குகள் அதையும் குடித்துவிடும் என்பதுதான்.

இதில் ஒரு விலை இருக்கிறது. லாப்ரடாருக்குச் சுமை தூக்கும் பயிற்சி கொடுத்திருந்தால், குளிர்பதன அறை எல்லைக்கு வெளியே போனதும் அறுவடையை அது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. வயலுக்கும் அறைக்கும் இடையில், குளிர்பதன அறையின் வாசலை ஒட்டி, எல்லைக்குள் ஒரு இடைச்சேமிப்புப் பகுதியை அமைத்தால் நாய்கள் அதுவரை கொண்டுவந்துவிடும். எஞ்சிய சில அடிகளைக் குடியேறிகள் பார்த்துக்கொள்வார்கள். குளிர்பதன அறையின் முன்னுரிமையை இடைச்சேமிப்பைவிட உயர்த்தி வைத்தால் பொருள் அங்கேயே தங்கிவிடாது.

நாய்களின் உணவுக்குக் கிப்பிள் (விலங்குகளுக்கான உலர் தீவனம்) செய்யுங்கள். 20 இறைச்சியும் 20 தாவர உணவும் சேர்ந்து 50 கிப்பிள் ஆகும். தாவரப் பங்குக்கு உலர்புல்லையே பயன்படுத்தலாம், இறைச்சிப் பங்குக்குக் குடியேறிகள் விரும்பாத பூச்சி இறைச்சியையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கிப்பிளின் ஊட்டமும் 0.05 என்பதால், 2 அலகு போட்டு 2.5 அலகு எடுக்கிறோம். அது கெட்டுப்போவதும் இல்லை. எனவே குளிர்பதன அறை தேவையில்லாமல், நாய்கள் உறங்கும் இடத்துக்கு அருகிலேயே கூரைக்கடியில் வைக்கலாம். செப்டோபரில் மந்தையைக் குறைக்கும்போது மிஞ்சும் இறைச்சியை இதற்குத் திருப்பிவிட்டால் இரண்டு சிக்கல்களும் ஒருங்கே தீரும்.

வார்க்கின் நிலை வேறு. அது கிப்பிளையும் சமைத்த உணவையும் உண்ணாது; பச்சை இறைச்சியும் இறந்த உடலும்தான் அதன் உணவு. ஆகவே அதற்கெனத் தனி எல்லை வேண்டும். அந்த எல்லைக்குள் பச்சை இறைச்சி மட்டும் வைக்கும் ஒரு சிறு குளிர் அறை இருக்கட்டும். குளிர்காலத்தில் கூரையும் சுவரும் உள்ள, வெப்பமூட்டி இல்லாத எந்த அறையும் அந்த வேலையைச் செய்யும். காட்டையும் அதன் எல்லையில் சேர்த்தால் பசித்தபோது தானே வேட்டையாடும். ஆனால் வேட்டையில் காயம்பட்டுத் திரும்பும், சில நேரம் திரும்பாமலே போகும். வார்க்கைச் சண்டைக்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைக் காட்டுக்கு விடாதீர்கள்.

கடைசியாக, பாதுகாப்பு எல்லை என்று ஒன்றை, குடியிருப்பின் நடுவில் உள்ள ஓரிரு அறைகளை மட்டும் கொண்டு வரைந்து வையுங்கள். தாக்குதல் அறிவிப்பு வந்ததும் விலங்குப் பட்டியலில் எல்லா நாய்களையும் அதற்கு மாற்றிவிட்டு, பிறகு குடியேறிகளைச் சண்டைக்கு அழையுங்கள். உரிமையாளரைப் பின்தொடரும் குறி இடப்பட்ட நாய், எல்லையைப் பொருட்படுத்தாமல் அவரோடு போர்முனைக்குப் போய்விடும் என்பதால் அந்தக் குறியையும் சரிபாருங்கள்.


மலையடிவாரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டிக்குறியின் உணவுப் பக்கத்தில் காலாண்டு வாரியான எண்களைப் பார்த்தேன். என் மந்தையின் தேவையை வைத்துக் கணக்கிட்டால், இப்போதுள்ள தீவனப்புல் வயல் குளிர்காலத் தேவையில் பாதிக்கும் குறைவாகவே தரும். மஃபலோக்களைக் குறைத்து, வயலையும் சற்றுப் பெரிதாக்க முடிவு செய்திருக்கிறேன். பட்டியையும் குடியிருப்பின் சுவரை ஒட்டி மாற்றப்போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. மஃபலோக்கள் சரக்குப் பயணத்துக்கும் வேண்டும் என்பதால் எத்தனையை விட்டுவைப்பது என்று தெரியவில்லை. கோழிகளை என்ன செய்வது என்பது அடுத்தது. தானியங்கி அறுப்பு வைத்தாலும் குஞ்சுகள் பொரிந்துகொண்டே இருக்கின்றன, மேய்ப்பரின் பொழுது அவற்றை அறுப்பதிலேயே போகிறது.


நெடும்பயணி எழுதியது:

மஃபலோவைப் பற்றி நான் சொல்கிறேன். வணிகப் பயணத்துக்கு அனுப்பும் விலங்குகள் பயணத்தில் இருக்கும் நாட்களில் உங்கள் சேமிப்பை உண்பதில்லை. புல் வளரும் பருவத்தில் வழியிலேயே மேய்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் வழியிலும் புல் இருக்காது என்பதால் அவற்றுக்கான உலர்புல்லைச் சுமையாகவே கொண்டுபோக வேண்டும், அது சரக்குக்கான இடத்தைத் தின்றுவிடும். ஆகவே கோடைப் பயணங்களுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையை ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டியதில்லை. செப்டோபர் தொடக்கத்தில் கடைசிப் பயணத்தை அனுப்பும்போது, உபரியான மஃபலோக்களையே சரக்கைச் சுமக்க வைத்துக் கூட்டிப்போய், சென்ற குடியேற்றத்தில் கால்நடை வாங்குவார்கள் என்றால் சரக்கோடு சேர்த்து அவற்றையும் விற்றுவிடுங்கள். வெள்ளியும் கிடைக்கும், அறுப்பு வேலையும் குறையும். ஒரு ஆணையும், உங்களது மிகப்பெரிய பயணத்துக்குத் தேவையானதில் பாதியளவு பெண்களையும் விட்டுவைத்தால் வசந்தத்தில் பெருகிவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மந்தையின் மதிப்பு குடியிருப்பின் மொத்தச் செல்வத்தில் சேர்கிறது. செல்வம் உயர உயரத் தாக்குதல்களின் வலுவும் உயர்கிறது. பயன்தராத விலங்குகளுக்கு உணவும் போட்டு, அவற்றால் பெரிதாகும் தாக்குதலையும் தாங்க வேண்டிய தேவை ஆறு பேர் கொண்ட குடியிருப்புக்கு இல்லை.


உலர்புல்_கணக்கர் எழுதியது:

கோழிக்கு வழி அறுப்பு அல்ல, சேவலை நீக்குவது. சேவல் இல்லாத பட்டியில் பெட்டைக்கோழிகள் தொடர்ந்து முட்டையிடும். அவை கருவுறாத முட்டைகள் என்பதால் பொரியாது, எல்லாம் சமையலுக்கு வரும். முட்டைப்பெட்டியைத் தொழுவத்தில் வைத்துவிட்டால் முட்டைகள் ஒரே இடத்தில் சேரும். மந்தையைப் புதுப்பிக்க வேண்டியபோது மட்டும் சேவலை அந்தப் பட்டிக்குள் அனுமதியுங்கள். மற்ற நாட்களில் அது அடுத்த பட்டியில், காளையோடும் ஆண் மஃபலோவோடும் இருக்கலாம். கருங்கல்_மதில் சொன்ன இரண்டாவது பட்டி இதற்குத்தான் மிகவும் பொருத்தம். ஏற்கெனவே கிடக்கும் கருவுற்ற முட்டைகளைக் குளிர்பதன அறைக்குக் கொண்டுபோனால் உறைந்து, உள்ளிருக்கும் கரு அழிந்துவிடும். குஞ்சு வேண்டாதபோது அதுவே போதுமான கட்டுப்பாடு. குஞ்சு வேண்டும்போது அவற்றை வெப்பமுள்ள தொழுவத்திலேயே விட்டுவிடுங்கள்.


கருங்கல்_மதில் எழுதியது:

பட்டியை மாற்றும்போது கவனிக்க வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். புதிய பட்டியின் வேலி, வேலிக்கதவு, தொழுவம் எல்லாம் முடிந்து, பட்டிக்குறியில் மூடப்பட்டது என்று காட்டும்வரை பழைய பட்டியைத் தொடாதீர்கள். பட்டி விலங்குகள் மூடப்படாத இடத்தில் இருந்தால் அலைந்து திரிந்து, கவனிக்காமல் விட்டால் நிலத்தின் எல்லையைக் கடந்தே போய்விடும். புதியது முடிந்ததும் அதன் பட்டிக்குறியில் எல்லா இனங்களையும் அனுமதித்து, பழையதில் எல்லாவற்றையும் நீக்குங்கள். மேய்ப்பர் ஒவ்வொன்றாகக் கட்டி இழுத்து வருவார். அந்த நாட்களில் பால் கறப்பது தாமதமாகும் என்பதால், விலங்குத் திறன் குறைவாக இருந்தாலும் இன்னொரு குடியேறிக்கும் கையாளும் வேலையைக் கொடுத்துவையுங்கள்.

பின்னாளில் இதே பட்டியை விரிவாக்க நினைத்தாலும் அப்படித்தான்: வெளி வேலியை முழுதாகக் கட்டி முடித்த பின்னரே உள் வேலியைப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்த வேலையை வளர்பருவத்தின் முதல் பாதியில் முடித்துவிட்டால், குளிர் வருவதற்குள் புதிய பட்டியில் மரங்களை வெட்டிப் புல் பிடிக்கவும் நேரம் இருக்கும்.